ஒரு ‘ப்’ புதுக்கோட்டைக்கு வந்த வழி

தமிழ் விக்கிப்பீடியாவில் சித்தன்னவாசல் கட்டுரையைத் திறக்கிறீர்கள். ஓவியங்களைப் பற்றி ஒரு வரி தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திச் சேமித்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கட்டுரையைச் சுற்றிலும் வேறு சொற்கள் இருக்கின்றன: மேலே வரிசையாக நிற்கும் பொத்தான்கள், சேமிக்கும்போது வரும் எச்சரிக்கைகள், பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்று அடியில் சொல்லும் குறிப்பு. அவையெல்லாம் கட்டுரையில் சேர்த்தி இல்லை. மீடியாவிக்கி என்ற மென்பொருளுக்குள் இருப்பவை. அங்கே பிழை இருந்தால் அதைத் திருத்த ‘தொகு’ பொத்தான் உதவாது.

ஓர் அறிவிப்பில் ‘கட்டுரை பக்கம்’ என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘கட்டுரைப் பக்கம்’ என்று இருந்திருக்க வேண்டும். அன்னவாசலிலோ ஆலங்குடியிலோ இருக்கும் ஒரு தமிழாசிரியையின் கண்ணில் இது படுகிறது. தமிழாசிரியர்களால் சந்திப்பிழையைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போக முடியாது. கணினிக்கு இந்த ‘ப்’ இரண்டு குறிகள்: பகரம் ஒன்று, புள்ளி ஒன்று. யுடிஎஃப்-8 கணக்கில் மொத்தம் ஆறு பைட். இந்த ஆறு பைட் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் வர்ஜீனியா வரைக்கும் போய், சிங்கப்பூர் வழியாகத் திரும்பி அதே ஆசிரியையின் போனுக்கு வர வேண்டும். இன்றைக்கு அதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும். நேரம் சரியாக அமையாவிட்டால் பத்து நாள்.

அந்த ஒரு வாரம் எப்படிச் சாத்தியமானது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு.

மென்பொருள் நிறுவனத்தில் பத்துப் பேர் இருக்கும்வரை கோட் எழுதியவரே அதை சர்வரில் ஏற்றிவிடுவார். உடைந்தால் அவரே உட்கார்ந்து ஒட்டுவார். நூறு பேர் ஆனதும் அது நடக்காது. ஒருவர் மாற்றியது இன்னொருவரின் வேலையில் இடிக்கும். ஆகவே எல்லாருடைய மாற்றங்களையும் மூன்று மாதமோ ஆறு மாதமோ சேர்த்துவைத்து ஒரே நாளில் ஏற்றுவார்கள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ‘ரிலீஸ் நைட்’ என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா பார்சல் வரும், நாற்பது பேர் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் இருப்பார்கள், விடியும்போது ஒருவர் ‘ரோல்பேக்’ என்பார். அதில் சூடுபட்டவர்கள் அடுத்த ரிலீஸை இன்னும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடப்போட மூட்டை பெருக்கும். மூட்டை பெருத்தால் பயமும் பெருக்கும்.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும் 2010-ல் ‘கன்டினியுவஸ் டெலிவரி’ (தொடர் வெளியீடு) என்ற புத்தகத்தை எழுதினார்கள். எது வலிக்கிறதோ அதை அடிக்கடி செய், சின்னச் சின்னதாகச் செய் என்பதுதான் அதன் சாரம். மென்பொருள் எந்த நாளும் வெளியிடத் தயாரான நிலையிலேயே இருக்க வேண்டும். கோட் எழுதி முடித்ததற்கும் அது பயனரிடம் போவதற்கும் நடுவில் உள்ள படிகளை எந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். ‘அடிக்கடி ஏற்றினால் அடிக்கடி உடையுமே’ என்று மேலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பத்து வரி மாறிய பின் ஏதாவது உடைந்தால் எந்த வரி என்று உடனே தெரியும். பத்தாயிரம் வரி மாறிய பின் உடைந்தால் யாரைக் கேட்பது?

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இதே பாடத்தை ஏறக்குறைய அதே காலத்தில் அடிபட்டுக் கற்றது. சில பத்துப் பேர் மட்டும் இருந்த அமைப்பு சில ஆண்டுகளில் நூறு பேரைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்த நேரம். தன்னார்வலர்கள் எழுதிக் குவித்த கோட், சரிபார்க்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் தேங்கியிருந்தது. அதையெல்லாம் சேர்த்து மீடியாவிக்கியின் 1.17 பதிப்பை 2011 பிப்ரவரியில் ஏற்றினார்கள். முதல் முயற்சியில் சர்வர்கள் சுமை தாங்காமல் திணறவே பழைய பதிப்புக்கே திரும்பினார்கள். பிறகு எல்லாத் தளங்களையும் ஒரேயடியாக மாற்றுகிற வழக்கத்தை விட்டு, சில தளங்களில் புதியது, மற்றவற்றில் பழையது என்று இரண்டு பதிப்புகளையும் ஒரே சமயத்தில் ஓட்டுகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். அடுத்த முயற்சி அப்படித்தான் நிறைவேறியது.

இன்றைய அமைப்பு முழுக்க அந்த ஏற்பாட்டின் மேல் நிற்கிறது என்பது என் கருத்து. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேர்ந்தன. 2012 மார்ச்சில் மீடியாவிக்கியின் கோட் சப்வெர்ஷன் என்ற பழைய களஞ்சிய முறையிலிருந்து கிட் என்ற புதியதற்கு மாறியது. அதுவரை கோடைச் சேர்த்த பிறகுதான் சரிபார்ப்பார்கள். கெரிட் என்ற சரிபார்ப்புத் தளம் வந்ததும் சரிபார்த்த பிறகுதான் சேர்ப்பது என்றானது. அதே ஆண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு, 2013 முதல் வாரத்துக்கு ஒன்று. அந்த வாராந்தர வெளியீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ட்ரெயின்’. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை ஸ்டேஷனில் ராமேஸ்வரம் வண்டி யாருக்காகவும் நிற்பதில்லை. நேரத்துக்கு வந்தவர் ஏறிக்கொள்வார், விட்டவர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். வேலை முடியாதவருக்காக வெளியீட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் அதோடு ஒழிந்தது.

இனி நம் எழுத்துக்கு வருவோம்.

பிழையைப் பார்த்த ஆசிரியை முதலில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. பக்க முகவரியின் கடைசியில் ஒரு சிறிய ஒட்டைச் சேர்த்துத் திறந்தால், மென்பொருள் சொற்களெல்லாம் மறைந்து, ஒவ்வொன்றின் இடத்திலும் அதன் உள்பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். பார்க்க எலும்புக்கூடு மாதிரி இருக்கும் அந்தப் பக்கத்தில் தனக்கு வேண்டிய உள்பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்துக்குப் போகிறார். அது விக்கிமீடியாவுடையது அன்று. ஃபின்லாந்துக்காரரான நிக்லஸ் லாக்ஸ்ட்ரோம் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்த இடம். புதிதாக வருபவர் சில மாதிரி மொழிபெயர்ப்புகளைச் செய்து காட்டினால் அனுமதி கிடைக்கும். அங்கே அந்த வரியைத் திறந்து ‘ப்’ ஒன்றைச் செருகிச் சேமிக்கிறார். டாலர் குறியும் எண்ணுமாக நடுவில் ஓர் இடம்பிடிப்பான் இருக்கும். கைதவறி அதை அழித்துவிட்டால் தளமே எச்சரிக்கும். ‘ப்’ விட்டுப்போனதை மட்டும் எச்சரிக்காது. அதற்குத் தமிழ் தெரியாது.

வாரத்தில் சில முறை ஒரு தானியங்கி அந்தத் தளத்திலிருந்து எல்லா மொழிகளின் மாற்றங்களையும் வாரிக்கொண்டு கெரிட்டுக்குப் போகிறது. தமிழுக்கு என்று ஒரு கோப்பு. அதில் ஒரு வரி மாறியிருக்கிறது. பழைய வரி சிவப்பில், புதிய வரி பச்சையில். ஒரே கமிட்டில் தமிழோடு வேறு பல மொழிகளும் பயணம் செய்கின்றன. அதைத் திறந்து பார்ப்பவருக்கு அவற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் படிக்கத் தெரிந்திருக்காது. ஜென்கின்ஸ் என்ற இன்னொரு தானியங்கி சோதனைகளை ஓட்டுகிறது: கோப்பின் வடிவம் சரியா, அடைப்புகள் மூடியிருக்கின்றனவா, வேறெதுவும் உடைகிறதா? எல்லாம் சரி என்றால் மெர்ஜ், அதாவது மூலக் கோடோடு சேர்ப்பு. மொழிபெயர்ப்பாக இல்லாமல் கோட் மாற்றமாக இருந்தால் இந்த இடத்தில் மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து ‘கூட்டல் இரண்டு’ என்று மதிப்பெண் போட வேண்டும். அது இல்லாமல் எதுவும் உள்ளே நுழையாது. அந்தக் கூட்டல் இரண்டுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும் பேட்ச்களும் உண்டு. எந்திரப் பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும் மனிதர் படிக்கும் வேகம் அதேதான். நிறுவனங்கள் தொடர் வெளியீட்டுக்கு மாறும்போது கருவிகளுக்குச் செலவழித்துவிட்டு இதைத்தான் மறக்கின்றன.

மெர்ஜ் ஆன சில நிமிடங்களில் நம் எழுத்து ‘பீட்டா’ என்ற சோதனைத் தளங்களுக்குப் போய்விடும். உண்மைத் தளங்களுக்குப் போகத்தான் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

செவ்வாயன்று, அதுவரை சேர்ந்த நூற்றுக்கணக்கான மாற்றங்களையும் வைத்து ஒரு கிளை வெட்டப்படுகிறது. அதற்கு ஒரு பதிப்பு எண், நடத்துவதற்கு ஒரு கண்டக்டர், அவருக்கு உதவியாக இன்னொருவர். அன்று புதிய பதிப்பைப் பெறுபவை சோதனை விக்கிகளும் மீடியாவிக்கி மென்பொருளின் சொந்தத் தளமும்தான். புதன்கிழமை விக்கிப்பீடியாவின் துணைத் திட்டங்களான விக்சனரிகள், விக்கிமூலங்கள், விக்கித்தரவு, பொதுவகம், இவற்றோடு கற்றலான், ஹீப்ரு போன்ற சில விக்கிப்பீடியாக்கள். வியாழக்கிழமை ஆங்கிலம், தமிழ் உட்பட மற்ற விக்கிப்பீடியாக்கள் அனைத்தும். வியாழன் ஏற்றம் அமெரிக்க நேரப்படி நடக்கும் வாரங்களில் நமக்கு அது நள்ளிரவை ஒட்டி வரும். வெள்ளி, சனி, ஞாயிறு வண்டி கிடையாது. டிசம்பர் கடைசியிலும் கிடையாது.

இத்தனை தளங்களில் எது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதை ஒரு சிறிய கோப்பு சொல்கிறது. வரிக்கு ஒரு தளம். இடப்பக்கம் தளத்தின் பெயர், வலப்பக்கம் பதிப்பு எண். புதன் இரவு அந்தக் கோப்பைப் பார்த்தால் தமிழ் விக்கிமூலத்தின் வரியில் புதிய எண்ணும், தமிழ் விக்கிப்பீடியாவின் வரியில் பழைய எண்ணும் இருக்கும். பின்வாங்குவது என்றால் அந்த எண்ணைத் திரும்ப மாற்றுவதுதான். பழைய பதிப்பு சர்வரிலேயே தயாராக இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை துணிந்து வண்டி விடுகிறார்கள் என்றால் இந்தப் பின்வாசல் திறந்திருப்பதால்தான். ஏற்றும்போதும் முதலில் சில சர்வர்களில் மட்டும் ஏற்றி, பிழைப் பதிவுகள் எகிறுகின்றனவா என்று பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போகிறார்கள். சந்தேகம் வந்தால் ஃபேப்ரிகேட்டர் என்ற பிழைப் பதிவுத் தளத்தில் ஒரு தடைச் சீட்டு. அது தீரும்வரை வண்டி நகராது.

இப்படிப் படிப்படியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு தரவுக் கோப்பை, நம் நேரப்படி காலை 9.39-க்கு, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வீச்சில் அனுப்பியது. அன்று வெள்ளிக்கிழமை. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனமும் தன் மென்பொருளின் புதிய பதிப்புகளைப் படிப்படியாகத்தான் அனுப்பிவந்தது. இது வெறும் தரவுக் கோப்புதானே என்று அந்த வரிசைக்கு வெளியே விட்டிருந்தார்கள்.

மொழிபெயர்ப்பும் ‘வெறும் தரவு’ என்ற கணக்கில் சேர்வதுதான். ஒரு காலத்தில் விக்கிமீடியா அதற்கென்று தனிக் குறுக்குவழியே வைத்திருந்தது. ட்ரெயினுக்குக் காத்திராமல் இரவோடு இரவாக மொழிபெயர்ப்புகள் தளங்களுக்குப் போய்விடும். அந்த நாளாக இருந்திருந்தால் நம் ‘ப்’ மறுநாளே வந்திருக்கும். பிறகு அந்த வழியை மூடிவிட்டு எல்லாரும் ஒரே வண்டியில் வாருங்கள் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

எனக்கு உள்ள வருத்தம் வேறு. செவ்வாய், புதன், வியாழன் என்று இத்தனை கவனமாக வடிகட்டுகிறார்களே, தமிழுக்கு மட்டும் வரும் கோளாறு இதில் எந்தச் சல்லடையில் சிக்கும்? தலைப்பின் வரி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் ஆங்கில எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ‘கூ’, ‘ணூ’ போன்ற எழுத்துகளின் அடிப்பாகம் வெட்டுப்படலாம். ஜென்கின்ஸ் அதைப் பார்க்காது. செவ்வாய்க்கிழமைத் தளங்களில் தமிழ் வாசிக்கும் ஆள் அநேகமாக இருக்கமாட்டார். முதல் தமிழ்க் கண் புதன்கிழமை விக்கிமூலத்தில்தான் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக வந்த 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களைப் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கும் சிலர் அங்கே இருக்கிறார்கள். ஒரு நாள் முன்னதாகப் புதிய பதிப்பின் அடியை வாங்கிக்கொள்பவர்கள் அவர்கள்தான். அவர்களும் கவனிக்காவிட்டால் வியாழன் இரவு அது தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளிலும் ஏறிவிடும்.

அப்போதும் அதை யாராவது சொன்னால் சரியாகும். நம்மவர்கள் சொல்வதில்லை. எழுத்து வெட்டுப்பட்டால் போனைக் குறை சொல்வோம், நெட்டைக் குறை சொல்வோம், ‘தமிழ் என்றால் இப்படித்தான் வரும்’ என்று பழகிக்கொள்வோம். 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் தமிழ் விக்கிப்பீடியர்களும் சேர்ந்து மாவட்டம் மாவட்டமாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார்கள். கட்டுரை எழுதவும் தொகுக்கவும் பலர் கற்றார்கள். பிழை அறிக்கை எழுதுவதற்கும் அப்படி ஒரு பயிற்சி நடத்தலாம். என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்த போன், எந்த பிரௌசர், ஒரு ஸ்கிரீன்ஷாட்: அரைமணி நேரப் பாடம்தான். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற தயக்கமும் வேண்டாம். தமிழில் ஆலமரத்தடியில் போட்டால் அதை எடுத்துப்போய் ஃபேப்ரிகேட்டரில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆலமரத்தடி என்பது தமிழ் விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் பக்கம்.

வியாழன் வந்தது. ஏற்றம் முடிந்தது. வர்ஜீனியா சர்வர்களில் இப்போது நம் ‘ப்’ இருக்கிறது. ஆசிரியை மறுநாள் போனில் திறக்கிறார். இந்தியாவிலிருந்து கேட்கும் பக்கங்களை 2018 முதல் பெரும்பாலும் சிங்கப்பூரில் உள்ள தேக்க சர்வர்கள்தான் கொடுக்கின்றன. உள்நுழையாத வாசகருக்கு அங்கே ஏற்கெனவே சேமித்துவைத்த பழைய நகல் சில நேரம் வரக்கூடும். ஆசிரியை கணக்கில் உள்நுழைந்துதான் பார்க்கிறார். ‘கட்டுரை பக்கம்’ என்றே இருக்கிறது.

சந்தேகத்தோடு விக்கிமூலத்தைத் திறக்கிறார். அங்கே ‘கட்டுரைப் பக்கம்’. புதன்கிழமையே வந்துவிட்டிருக்கிறது.

இந்தப் புதிருக்கு விடை பழையது. மென்பொருளில் உள்ள எந்த வாசகத்தையும் ஒரு தளத்துக்கு மட்டும் மாற்றி எழுதிக்கொள்ள அந்தத் தளத்தின் நிர்வாகிகளுக்கு மீடியாவிக்கி இடம் கொடுக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பு வந்து சேரத் தாமதமான காலத்தில், யாரோ ஒரு நிர்வாகி நல்லெண்ணத்தோடு அந்த வரியைத் தளத்திலேயே தமிழில் எழுதி வைத்திருப்பார். அந்த உள்ளூர் வரி இருக்கும்வரை மென்பொருளோடு வருவதைத் தளம் பார்க்கவே பார்க்காது. எத்தனை வண்டி வந்தாலும் அதே பழைய வரிதான். தமிழில் மட்டும் இல்லை, எல்லா மொழி விக்கிகளிலும் இப்படி எழுதி மறந்தவை கிடக்கின்றன.

நிறுவனங்களிலும் இதே கதைதான். ஒரு நெருக்கடியில் சர்வருக்குள் நேராகப் போய் ஒருவர் ஒரு வரியை மாற்றியிருப்பார். கிட்டில் அது இருக்காது. அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பிறகு வரும் தானியங்கி வெளியீடுகள் எல்லாம் பச்சை காட்டும், அந்த ஒரு சர்வர் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இதன் மிக விலையுயர்ந்த உதாரணம் நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். புதிய கோடை எட்டு சர்வர்களில் கையால் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய கோட் இன்னும் கிடந்தது. 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு கண்டபடி வாங்கித் தள்ளியது, விற்றுத் தள்ளியது. சுமார் 45 நிமிடம். நட்டம் 44 கோடி டாலருக்கு மேல். மறுவருடம் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துபோனது.

நம் கதையில் அவ்வளவு நட்டம் இல்லை. ஆசிரியை ஆலமரத்தடியில் எழுதுகிறார்: “ஐயா, இந்த அறிவிப்பில் ஒற்று மிகவில்லை. டிரான்ஸ்லேட்விக்கியில் திருத்தினேன். விக்கிமூலத்தில் சரியாக வருகிறது, இங்கே வரவில்லை. என்ன செய்ய வேண்டும்?”

அன்று மாலை ஒரு நிர்வாகி பதில் போடுகிறார்: “வணக்கம் டீச்சர். இங்கே உள்ளூரில் ஒரு பழைய பக்கம் இருக்கிறது, அதுதான் மறைக்கிறது. நீக்கிவிட்டேன். இப்போது பாருங்கள். இதே மாதிரி இன்னும் நிறைய இருக்கும் போலிருக்கிறது, ஒரு பட்டியல் எடுத்துத் தருகிறேன். நேரம் இருந்தால் சேர்ந்து பார்ப்போமா?”